பிறர் பாடிய நெய்தலும் நாம் பாடிய அம்பாவும்

(பெரியதாழையில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

    

கவிஞர் வாலியைப் பற்றியும், வானொலி வழியே நம் கடற்கரையிற் பரவிய பழைய திரைப்பாட்டுக்களைப் பற்றியும் சில சொல்லுமாறு நம் சங்கத்தார் என்னைப் பணித்தனர். தமிழ்ப் பண்டிதன் ஒருவனுக்குச் சினிமாப் பாட்டோடு என்ன உறவு என்று இங்கே சிலர் உள்ளூர நகைத்தல் கூடும். பாட்டென்றால் பழம் பாட்டு, புலவர் என்றால் ஏட்டுப் புலவர் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. அவ்வெண்ணத்திற்கு விடை கூறிவிட்டு, அதன்பின் கவிஞரிடம் செல்வதே முறையாகும்.

நம் ஊரின் பெயரிலேயே தாழை இருக்கின்றது. நெய்தற் பாட்டுக்களைப் புரட்டுவோர் தாழையின் மணத்தை நுகராமல் அப்பாற் செல்ல இயலாது. ஐங்குறுநூறு என்னும் சங்கநூலில் நெய்தல் நிலத்திற்குரிய நூறு பாட்டுக்களையும் பாடியவர் அம்மூவனார். அந்நூறு பாட்டுக்களுள் அவர் தம் சொந்தக் கதையைக் கூறினாரல்லர். தலைவி பேசுகின்றாள், தோழி பேசுகின்றாள், தலைவன் பேசுகின்றான். புலவர் அவர்கள் வாயில் நின்று பாடினார். அகப்பாட்டு எல்லாவற்றிற்கும் இதுவே இலக்கணம். பிறர் நெஞ்சிற் புகுந்து, பிறர் நாவுக்கு ஏற்ற சொல்லை ஆக்கிக் கொடுப்பவனே புலவன்.

சிலப்பதிகாரத்துக் கானல்வரியும் அத்தகையதே. புகார்க் கடற்கரையிலே கோவலன் யாழை வாங்கிப் பாடுகின்றான். அவன் வேறொருத்தியை எண்ணிப் பாடினான் என்று கருதிய மாதவி, தானும் யாழை வாங்கிப் பாடுகின்றாள். அப்பாட்டினால் அவர்களிடையே பிரிவு நேர்கின்றது. காப்பியத்தின் போக்கே அவ்விடத்தில் திரும்புகின்றது. ஆற்றுவரி, சார்த்துவரி, திணைநிலைவரி என்று பல வகையாக அமைந்த அவ்விசைப்பாட்டுக்களை ஆக்கியவர் இளங்கோவடிகள். அவர் அரச குலத்தில் தோன்றித் துறவு பூண்டவர் என்பது மரபு. வலை வீசியவர் அல்லர். ஆயினும் கடற்கரைப் பாட்டென்றால் கற்றோர் முதலில் நினைப்பது கானல்வரியையே. கதை ஒன்றின் நடுவே, கதைமாந்தர் பாடுவதாக, இசையோடு பொருந்தப் பாட்டமைக்கும் வழக்கம் நம்மிடையே அத்துணைப் பழமையானது. திரைப்பாட்டு அவ்வழக்கத்தின் இளைய பிள்ளை. பிள்ளை தெருவில் விளையாடுகின்றான் என்பதற்காக அவனைக் குலத்தினின்றும் நீக்குவார் உண்டோ?

இன்னும் ஒன்று. திரைப்படத்தில் பெரும்பாலும் மெட்டு முதலிற் பிறக்கின்றது. சொல் பின்னர் வந்து அதில் அமர்கின்றது. இசையமைப்பாளர் ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு தத்தகாரத்தால் மெட்டைச் சொல்வார். குறில் எங்கே நிற்கவேண்டும், நெடில் எங்கே நீளவேண்டும், வல்லினம் எங்கே இடறும் என்பதை அக்கணமே அறிந்து, பொருளும் கெடாமல், கதையும் வழுவாமல், பாட்டுக்காரர் சொல்லை நிரப்பவேண்டும். அதுவும் அன்று மாலைக்குள் முடியவேண்டும். சந்தம், வண்ணம் என்று நாம் யாப்பிலக்கணத்திற் படிக்கும் பயிற்சி இதுவன்றி வேறென்ன? அருணகிரிநாதர் சந்தக் கட்டுக்குள் சொல்லை நடத்திய அருமையை வியப்பவர், மெட்டின் கட்டுக்குள் சொல்லை நடத்தும் அருமையையும் ஒருவாறு உணர்தல் வேண்டும். எல்லாத் திரைப்பாட்டும் உயர்ந்தது என்று நான் கூறவில்லை. ஏட்டில் உள்ள எல்லாச் செய்யுளும் உயர்ந்ததன்று என்பதும் நாம் அறிந்ததே. நெல்லையும் பதரையும் பிரிக்கவேண்டுவது எக்களத்திலும் உண்டு.

இனி, கவிஞரின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம்.

வாலியின் இயற்பெயர் ரங்கராஜன். 1931ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் பிறந்து, காவிரி சூழ்ந்த திருவரங்கத்தில் வளர்ந்தவர். இளமையில் அவருக்கு ஓவியத்தின்மேல் பற்று மிகுதி. ஆனந்த விகடனில் சித்திரம் தீட்டிய மாலியைப் போலத் தாமும் வரவேண்டுமென்று விரும்பினார். அதனாலே நண்பர் ஒருவர் அவருக்கு 'வாலி' என்று பெயரிட்டார். சென்னையில் ஓவியப் பள்ளியிலும் சிறிது காலம் பயின்றார். ஊரில் இளைஞர்கள் சேர்ந்து கையெழுத்துப் பத்திரிகை நடத்தினர். திருச்சி வானொலிக்குக் கதைகளும் நாடகங்களும் எழுதினார். ஆகவே, திரைக்கு வருமுன்னரே அவர் வானொலியின் பிள்ளை என்பதை நீங்கள் கருத்தில் இருத்தவேண்டுகிறேன். கண்ணுக்கு ஒன்றும் காட்டாமல், காது ஒன்றைக்கொண்டே கேட்பவன் நெஞ்சிற் படம் வரையும் வித்தையை வானொலி நாடகம் எழுதியவர் அறிவர். ஓவியத்தில் தொடங்கியவருக்கு அவ்வித்தை எளிதில் வாய்த்தது போலும்.

முருகன்மீது பாட்டொன்று எழுதி அதைப் பாடகர் டி. எம். சௌந்தரராஜனுக்கு அஞ்சலட்டையில் அனுப்பினார். முன்பின் அறியாத இளைஞரின் பாட்டு என்று ஒதுக்காமல், சௌந்தரராஜன் அதற்கு இசையமைத்துப் பாடினார். அப்பாட்டு இன்றும் பக்தர் நாவில் வழங்குகின்றது. ஓர் அஞ்சலட்டை ஒருவர் வாழ்வுக்கு வழிகாட்டிற்று!

1958இல் 'அழகர்மலைக் கள்வன்' என்னும் படத்தில் முதற்பாட்டு எழுதினார். ஆனால் அதன்பின் சில ஆண்டுகள் அவருக்கு வறுமைக் காலம். சென்னையில் வாய்ப்புத் தேடி அலைந்து சலித்து, இனி இத்தொழில் வேண்டாம் என்று வேறு வேலை கருதி மதுரைக்குச் செல்ல எண்ணியிருந்தார். அப்பொழுது பாடகர் பி. பி. ஸ்ரீநிவாஸ் அவரைக் காண வந்து, கண்ணதாசன் 'சுமைதாங்கி' படத்திற்கு எழுதிய பாட்டொன்றைப் பாடிக்காட்டினார். துன்பத்தில் மனம் கலங்கலாகாது என்னும் பொருளமைந்த பாட்டு அது. அதைக் கேட்டு அவர் தம் பயணத்தை நிறுத்தினார் என்பதைப் பிற்காலத்தில் அவரே பலமுறை கூறியிருக்கின்றார். பாட்டினால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இதனினும் சிறந்த விடை யாது? ஒரு கவிஞரின் பாட்டு மற்றொரு கவிஞரைத் தமிழுக்கு மீட்டுக் கொடுத்தது. 1963இல் 'கற்பகம்' என்னும் படத்தின் பாட்டுக்கள் அனைத்தையும் எழுதிப் புகழெய்தினார். அதன்பின் ஐம்பது ஆண்டுகள் அவர் எழுதுகோல் ஓயவில்லை. 2007இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கிற்று. 2013ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் காலமானார்.

அன்பர்களே! அவர் எழுதிய ஆயிரக்கணக்கான பாட்டுக்களுள் நமக்கு உரியவை எவை? 1964ஆம் ஆண்டு நவம்பரில், தீபாவளியை ஒட்டி வெளிவந்த 'படகோட்டி' என்னும் படத்தின் பாட்டுக்களே அவை. எம். ஜி. இராமச்சந்திரன் நடித்து, டி. பிரகாஷ்ராவ் இயக்கி, விசுவநாதன் இராமமூர்த்தி என்னும் இரட்டையர் இசையமைத்த படம். பாட்டுக்கள் யாவும் வாலி இயற்றியவை. இரு மீனவர் குடிகள் தம்முள் பகைகொண்டு வாழ்வதும், அப்பகையை வளர்த்து ஆதாயம் தேடும் செல்வன் ஒருவன் இடையில் நிற்பதுமே கதை. கடற்கரையில் வாழும் நமக்கு இக்கதையை விளக்கிச் சொல்லவேண்டுவதில்லை. கடனுக்கு வலை வாங்கி, வலைக்கு மீனைக் கொடுத்து, மீனுக்கு விலை கேட்க வாயின்றி நின்ற தலைமுறைகளை நாம் அறிவோம்.

அப்படத்தில் சௌந்தரராஜன் பாடிய பாட்டொன்றை இங்கே அறியாதவர் இரார். பாட்டின் அடிகளை நான் எடுத்துக் கூறப்போவதில்லை. உங்களுள் பலர் இந்நேரம் உள்ளத்திற் பாடிக்கொண்டிருப்பீர்கள். அதன் கருத்தை மட்டும் எண்ணிப் பாருங்கள். மண்ணிற் பிறந்தவனுக்குப் பிழைப்பை நீரில் வைத்த விதியின் முரண். சுற்றிலும் நீராயிருந்தும் தாகத்திற்கு நீரில்லாத கொடுமை. போனவன் திரும்புவானா என்று நாள்தோறும் கரையில் நிற்பவளின் நெஞ்சு. மீனை உண்பவன் அம்மீனுக்கு ஈடாக வைக்கப்பட்ட உயிரை எண்ணாமை. இவையே அப்பாட்டின் பொருள். சொற்கள் யாவும் எளியவை. அகராதி தேடவேண்டிய சொல் ஒன்றும் இல்லை. மற்றொரு பாட்டு, இயற்கை எல்லோருக்குமாக வழங்கிய செல்வத்தை ஒருசிலர் தமக்கே உரியதாகக் கொள்வது நீதியா என்று கேட்கின்றது. கடல் யாருக்குச் சொந்தம் என்னும் வினா நம் கரையில் இன்றும் எழுவதே அன்றோ?

காவிரிக் கரையில் வளர்ந்தவர் கடலின் துயரை எவ்வாறு அறிந்தார் என்று வினவலாம். அம்மூவனாரையும் இளங்கோவடிகளையும் முன்னே எடுத்துக்காட்டியது இதற்காகவே. வலை வீசியவனே வலையைப் பாடவேண்டும் என்னும் சட்டம் தமிழில் இல்லை. பாடுவோன் உள்ளத்தில் இரக்கமும் நாவில் தமிழும் இருந்தாற் போதும். அப்படத்தின் காதற்பாட்டொன்றின் சொற்களை எடுத்து, 2004இல் வந்த 'நியூ' என்னும் படத்தில் ஏ. ஆர். ரகுமான் வேறு மெட்டில் அமைத்தார். நாற்பது ஆண்டுகள் கழித்து, பழைய மெட்டைக் களைந்த பின்னும் சொல் தனித்து நின்றது. புதிய தலைமுறை அதைப் பாடிற்று. மெட்டின்றியும் நிற்கும் சொல்லைப் பாட்டென்று கூறாமல் வேறென்னென்று கூறுவது?

படம் வந்து ஏழு வாரங்களே கழிந்திருந்தன. அவ்வாண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு, புயல் எழுந்து தனுஷ்கோடியைக் கடலுக்கு இரையாக்கிற்று. பாம்பனிலிருந்து சென்ற புகைவண்டியும் பயணிகளோடு அலையில் அழிந்தது. மன்னார் வளைகுடாவின் ஒரு கோடியில் அவ்வளவு பேர் மாண்ட மாதங்களில், அவ்வளைகுடாவின் இக்கோடியில் இருந்தவர்கள் வானொலியில் அப்பாட்டைக் கேட்டபொழுது, அது சினிமாப் பாட்டாகவா ஒலித்திருக்கும்? சிறுவயதில் என் பாட்டனார் சொல்லக் கேட்டிருக்கின்றேன். அப்பாட்டு வந்தால் வீட்டில் யாரும் பேசக்கூடாதாம். படம் பார்க்க அவர் போனதில்லை. பாட்டை மட்டுமே அறிவார்.

இனி வானொலிக்கு வருவோம். படம் பார்க்காதவர் பாட்டை அறிந்தது எவ்வாறு என்பதற்கு விடை அங்கேதான் இருக்கின்றது.

நம் ஊரிலிருந்து சென்னை, வான்வழியே அளந்தாலும் 550 கிலோமீட்டருக்கு மேல். கொழும்போ ஏறத்தாழ 250 கிலோமீட்டர்தான். அதுவும் இடையில் மலையும் காடும் இன்றி வெறுங்கடல். வானொலியின் மத்திய அலை உலர்ந்த நிலத்தின்மேற் செல்லும்பொழுது விரைவில் வலி குன்றும். உப்புநீரின்மேற் செல்லும்பொழுது குன்றாமல் நெடுந்தூரம் செல்லும். உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதே அதற்குக் காரணம். ஆதலின் தலைநகரின் குரல் நமக்கு மங்கலாகக் கேட்ட காலத்தும், கொழும்பின் குரல் அண்டைவீட்டுக் குரல்போலக் கேட்டது. நம் முன்னோர் தோணி ஓட்டிய கடல்வழியே பாட்டும் வந்தது என்க.

கொழும்பில் ஒலிபரப்பு தொடங்கியது 1925இல். 1949இல் அது இலங்கை வானொலி என்னும் பெயர் பெற்றது. 1950இல் வர்த்தக ஒலிபரப்பு தொடங்கிற்று. 1967இல் கூட்டுத்தாபனம் ஆயிற்று. இந்தியாவில் அப்பொழுது நிலைமை வேறாக இருந்தது. 1952 முதல் 1962 வரை ஒலிபரப்புத் துறை அமைச்சராக இருந்த பி. வி. கேஸ்கர், திரைப்பாட்டு மக்களின் சுவையைக் கெடுக்கும் என்று கருதி, அகில இந்திய வானொலியில் அதைப் பெரிதும் குறைத்தார். செவ்விசையை வளர்க்கவேண்டுமென்பது அவர் நோக்கம். நோக்கம் நன்றாயினும் விளைவு வேறாயிற்று. மக்கள் வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்பிக் கொழும்பில் வைத்தனர். 1957இல் விவித பாரதி தொடங்கப்பட்டதற்கு இதுவே பெருங்காரணம். நமக்கு அண்மையில் திருநெல்வேலி நிலையம் 1963இல் எழுந்தது. அதன்பின் இரு திசையிலிருந்தும் நமக்குப் பாட்டுக் கிடைத்தது.

இலங்கை வானொலி நமக்குச் செய்த நன்மைகளுள் ஒன்றைச் சிறப்பாகக் கூறவேண்டும். திரையரங்கிற் பாட்டைக் கேட்பவன் அதை நடிகனின் பாட்டென்றே கொள்வான். இன்றும் 'எம். ஜி. ஆர். பாட்டு', 'சிவாஜி பாட்டு' என்று வழங்குகின்றோம். வானொலியிலோ முகம் இல்லை. ஆதலின் அறிவிப்பாளர் பெயரைச் சொல்லியாகவேண்டும். படம் இன்னது, பாடியவர் இன்னார், இசை இன்னார், இயற்றியவர் இன்னார் என்று அவர்கள் ஒழுங்காக உரைத்தனர். எஸ். பி. மயில்வாகனன், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரலை அறியாத கடற்கரைக் குடும்பம் அந்நாளில் இல்லை. அவர்களது உச்சரிப்பைக் கேட்டே லகர ளகர ழகர வேறுபாட்டைப் பழகியவர்கள் நம்முள் உண்டு. பள்ளிக்கூடத்தில் நான் ஓராண்டு முயன்று கற்பிப்பதை அவர்கள் ஒரு மாலைப்பொழுதிற் கற்பித்தனர். கவிஞர் பெயர் பாமரர் செவியிலும் ஏறியது வானொலியால். பட்டுக்கோட்டையார், கண்ணதாசன், மருதகாசி, வாலி என்று பெயர் சொல்லிப் பாட்டைப் பிரித்தறியும் ஆற்றல், எழுத்தறியாத நம் பாட்டிமாருக்கும் இருந்தது.

அப்பெட்டி நமக்குப் பாட்டுப் பெட்டி மட்டும் அன்று. வானிலை எச்சரிக்கையும் அதிலேதான் வந்தது. ஒரே குரலில் கடலுக்குப் போகாதே என்னும் செய்தியும் வரும்; அடுத்த கணம் கடலுக்குப் போனவனைப் பற்றிய பாட்டும் வரும். கச்சான் அடிக்கும் காலத்திலும் வாடைக் காலத்திலும் பெட்டிக்கருகே காத்திருந்த வீடுகள் எத்தனை! அவ்வெச்சரிக்கையின் அருமையை 2017இல் வந்த ஒக்கிப் புயல் மீண்டும் நமக்கு உணர்த்திற்று. கரையை விட்டு நெடுந்தொலைவு சென்றிருந்த பலருக்குச் செய்தி எட்டவில்லை. அவர்களுட் பலர் திரும்பவில்லை. அப்பாட்டு எழுதப்பட்டு ஐம்பத்துமூன்று ஆண்டுகள் கழிந்தும் அதன் பொருள் பழையதாகவில்லை என்பதை நினைக்க நெஞ்சு வருந்துகின்றது.

நிற்க. இதுவரை வாலியைப் போற்றினேன், வானொலியைப் போற்றினேன். இப்பொழுது உங்கள் முன் வைக்க விரும்பும் வழக்குக்கு வருகின்றேன்.

அப்பாட்டு நம் துயரை நாட்டினர்க்கு எடுத்துரைத்தது. மதுரையில் இருப்பவனும் கோயமுத்தூரில் இருப்பவனும் மீனவன் என்றொருவன் இருக்கின்றான் என்று எண்ணிக் கண்ணீர் விட்டது அப்பாட்டினால். அதற்காக நாம் என்றும் கடப்பாடுடையோம். ஆயினும் அதில் நம் கண்ணீர் இருக்கின்றது. நம் தோள் இல்லை. இரங்கத்தக்கவனாக நாம் அதில் நிற்கின்றோம், வல்லவனாக நிற்கவில்லை. நீவாட்டின் போக்கை நீரின் நிறத்தால் அறிபவனும், கொண்டலையும் சோழகத்தையும் முகத்திற் படும் பதத்தால் உணர்பவனும், விண்மீனைக் கொண்டு வலைபோட்ட இடத்துக்கு மீள்பவனும், மூச்சடக்கிக் கடலடியில் முத்துச்சிப்பி பொறுக்கியவனும் அப்பாட்டில் இல்லை. இது கவிஞரின் குற்றமன்று. கரையிலிருந்து பார்ப்பவனுக்குக் கடலோடியின் துயர் தெரியும். அவன் திறம் தெரியாது. அதைக் கூடவே துடுப்புப் பிடித்தவன்தான் பாடவேண்டும்.

பாடியும் இருக்கின்றான். அதற்குப் பெயர் அம்பா.

கரைவலை இழுக்கும்பொழுதும், வள்ளத்தை மணலில் தள்ளும்பொழுதும், துடுப்பு வலிக்கும்பொழுதும் நம் முன்னோர் அம்பா பாடினர். ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார். மற்றையோர் ஒருமித்து ஏற்றுச் சொல்வர். ஏற்றுச் சொல்லும் அவ்வோசையின் மேல் இருபது தோளும் ஒரே கணத்தில் இழுக்கும். தாளம் தவறினால் வலை நழுவும். ஆகவே அது பொழுதுபோக்குப் பாட்டன்று, தொழிற்கருவி. துடுப்பு எவ்வாறோ, நங்கூரம் எவ்வாறோ, அவ்வாறே அம்பா. அதில் துன்பம் உண்டு, நகைப்பும் உண்டு, சம்மாட்டியைப் பார்த்து மறைமுகமாகச் சொல்லும் குத்தலும் உண்டு, இறைவனை அழைக்கும் வேண்டுதலும் உண்டு, காற்றின் பெயரும் மீனின் பெயரும் நிரம்ப உண்டு. வாலியின் பாட்டில் நாட்டினர் நம்மைக் கண்டனர். அம்பாவில் நாம் நம்மைக் கண்டோம்.

அம்பா இன்று எங்கே? பாய்க்கும் துடுப்புக்கும் பதிலாக எந்திரம் வந்தது. பலர் கூடி இழுத்த இடத்தில் பொறி இழுக்கின்றது. எந்திரத்தின் இரைச்சலில் அடியெடுத்துக் கொடுப்பவர் குரல் கேளாது. கேட்டாலும் ஏற்றுச் சொல்ல வேண்டிய தேவை இல்லை. எந்திரத்தை நான் பழிக்கவில்லை. தோள் நொந்தவன் அதை வரவேற்றது நியாயமே. ஆனால் வேலையோடு பிறந்த பாட்டு வேலையோடு மறைகின்றது. முத்துக்குளிப்போடு வழங்கிய பாட்டுக்களும் அவ்வாறே. தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்த சிலாபங்களுக்குப் பின் முத்துச்சிலாபம் நின்றுபோயிற்று. அதோடு அப்பாட்டின் தேவையும் நின்றது. திரைப்பாட்டுக்கு இசைத்தட்டு இருந்தது, வானொலி இருந்தது, இயற்றியவர் பெயர் சொல்ல அறிவிப்பாளர் இருந்தார். அம்பாவுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. பிறர் நம்மைப் பற்றிப் பாடியதை வானொலி காத்துக் கொடுத்தது. நாம் நமக்காகப் பாடியதை யார் காப்பது?

இவ்வினாவுக்கு விடை இக்கூட்டத்திலேயே இருக்கின்றது. அம்பா அறிந்த முதியோர் இன்னும் நம் தெருக்களில் இருக்கின்றனர். ஆண்டுக்கு ஆண்டு அவர்கள் தொகை குறைகின்றது. ஒரு முதியவரை அடக்கம் செய்யும்பொழுது, அவரோடு எத்தனை பாட்டை அடக்கம் செய்கின்றோம் என்று நாம் எண்ணுவதில்லை. தாய்மார்களிடத்து இன்னும் பெருஞ்செல்வம் இருக்கின்றது. தொட்டிலுக்குப் பாடிய தாலாட்டும், திரும்பி வராத கணவனுக்கும் மகனுக்கும் பாடிய ஒப்பாரியும் அவர்கள் நெஞ்சில் உள. அவற்றைப் பாட்டென்று அவர்களே எண்ணுவதில்லை, 'அழுகை' என்கின்றனர். அவ்வழுகையில் உள்ள தமிழை நான் எந்நூலிலும் கண்டதில்லை.

ஆதலின் நம் சங்கத்தாருக்கு மூன்று வேண்டுகோள் விடுக்கின்றேன்.

முதலாவது, திங்கள்தோறும் ஒரு மாலைப்பொழுதைப் பாட்டுக்கென ஒதுக்குக. அதில் பழைய திரைப்பாட்டும் ஒலிக்கட்டும், அம்பாவும் ஒலிக்கட்டும். இரண்டையும் ஒரே மேடையில் வைத்தால், திரைப்பாட்டை விரும்பிவரும் இளைஞர் அம்பாவையும் கேட்டுச் செல்வர். முதியோருக்கும் கூச்சம் நீங்கும்.

இரண்டாவது, பாடுவதைக் கைப்பேசியிற் பதிவு செய்க. பாடியவர் விரும்பினால் அவர் பெயர், ஊர், வயது, எந்த வேலையின்போது பாடுவது, யாரிடம் கற்றது என்பவற்றையும் உடன் எழுதுக. பாட்டின் சொல்லை எழுதும்பொழுது பண்டிதத் தமிழாகத் திருத்தலாகாது. இதை ஒரு பண்டிதனே கூறுகின்றேன் என்பதை நினைவில் வையுங்கள். அவர் வாயில் வந்தவாறே எழுதுக. காற்றுக்கும் மீனுக்கும் வலைக்கும் நாம் வழங்கும் பெயர்களுள் அகராதியில் ஏறாதவை பல. திருத்தினால் அவை அழியும். பாடுவோர் வெளியிட வேண்டாம் என்று கூறும் பாட்டை, குறிப்பாக ஒப்பாரியை, வெளியிடலாகாது.

மூன்றாவது, மாணவர்களுக்கு. நீங்கள் எப்பாட்டைக் கேட்டாலும் இதை இயற்றியவர் யார் என்று கேளுங்கள். என் வகுப்பில் நான் அடிக்கடி கேட்பதுண்டு. பெரும்பாலும் நடிகர் பெயரே விடையாக வரும். நம் பாட்டிமார் அறிந்திருந்ததை நீங்கள் மறக்கலாமா? இயற்றியவர் பெயரை அறிவது அவருக்குச் செய்யும் கைம்மாறு. பெயர் தெரியாத அம்பாவை இயற்றியவர்க்குச் செய்யும் கைம்மாறு, அதை மறவாமல் பாடுவது.

இளைஞர்கள் அம்பாவை விரும்பமாட்டார்கள் என்று பெரியோர் சிலர் கூறுகின்றனர். நான் அவ்வாறு கருதவில்லை. 1964இல் எழுதப்பட்ட சொல்லை 2004இல் புதிய மெட்டில் ஏற்றபொழுது விரும்பியவர்கள் இளைஞர்களே. நல்ல சொல்லுக்கு மெட்டு கிடைக்கும். முதலில் சொல் உயிரோடிருக்கவேண்டும். திருவரங்கத்திலிருந்து வந்த ஒருவர் நமக்காகத் தமிழைச் செலவிட்டார். கொழும்பிலிருந்து அறிவிப்பாளர் சிலர் அதைக் கடல் கடத்தி நம் திண்ணைக்குக் கொண்டுவந்து சேர்த்தனர். நம்மவர் அல்லாதார் இத்துணை செய்திருக்க, நம்மவர் பாட்டை நாம் பேணாமல் விடுவது நன்றியும் ஆகாது, மானமும் ஆகாது.

அடுத்த கூட்டத்தில் என் போன்றோர் பேச்சைக் குறைத்து, நம் முதியோருள் ஒருவரை அம்பாவுக்கு அடியெடுக்கச் செய்யுமாறு அக்கிராசனாதிபதி அவர்களை வேண்டுகின்றேன். ஏற்றுச் சொல்ல நாம் அனைவரும் இருக்கின்றோம்.